கவட்டியில் துடிக்கும் கட்டி: வாசகர் கேள்வி பதில்

இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கவும், அவசர டயாலிசிஸ் குழாய் போடவும் மருத்துவர்கள் நுழையும் வாசல்களில் ஒன்று தொடை இடுக்கு. நுழைந்த வாசல் சரியாக மூடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ரத்தநாள அறுவை சிகிச்சை மருத்துவரும் கதிரியக்க மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: என் கணவருக்கு 62 வயது. ஒன்பது நாளைக்கு முன் வலது தொடை வழியாக ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு நாளாக அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். கை வைத்தால் துடிக்கிறது. "நெறி கட்டியிருக்கு, பற்றுப் போட்டு ஒத்தடம் கொடு" என்கிறார் மாமியார். கொடுக்கலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். ஒத்தடம், தைலம், உருவிவிடுவது எதுவுமே வேண்டாம். இன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) எடுங்கள்.

நெறி தானாகத் துடிக்காது. தமனிக்கு மேலே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் அசையலாம், அவ்வளவுதான். உங்கள் கணவருக்கு வந்திருப்பதாக நாங்கள் சந்தேகிப்பது வேறு. இரண்டு விரலை வீக்கத்தின் இரு பக்கமும் வைத்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் விரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். சில பேருக்கு உள்ளங்கையில் பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வும் தெரியும். இதை மருத்துவமனையில் 'சூடோ அனியூரிசம்' என்பார்கள், சுருக்கமாக 'சூடோ'. தமிழில் போலித் தமனி வீக்கம் எனலாம்.

ஏன் போலி? உண்மையான வீக்கத்தில் தமனியின் மூன்று அடுக்குச் சுவரே பலவீனப்பட்டு பலூன்போல உப்பும். இங்கே சுவர் உப்பவில்லை, சுவரில் ஓட்டை. ஸ்டென்ட் வைக்கப் பொதுவாகப் போடும் ஆறு பிரெஞ்ச் (குழாயின் பருமனைச் சொல்லும் அளவு) ஷீத்தின், அதாவது நுழைவுக் குழாயின், உள்விட்டமே 2 மி.மீ.; வெளிவிட்டம் இரண்டரை மி.மீ.யைத் தாண்டும். ஷீத்தை உருவிய பிறகு அந்த ஓட்டை ரத்த உறைவால் அடைபட வேண்டும். அடைபடாவிட்டால் ரத்தம் வெளியே பீறிட்டு, சுற்றியிருக்கும் சதையும் உறைந்த ரத்தமும் சேர்ந்து ஒரு பையாகிவிடும். பைக்கும் தமனிக்கும் நடுவே ஒரு சந்து இருக்கும். அதற்குக் 'கழுத்து' என்று பெயர். இதயம் சுருங்கும்போது அந்தச் சந்து வழியாக ரத்தம் பைக்குள் போகும், விரியும்போது திரும்பி வரும். இந்தப் பைக்குத் தமனிச் சுவர் கிடையாது என்பதால்தான் உருவிவிடுவது ஆபத்து.

வீக்கம் மணிக்கு மணி பெருத்தாலோ, மேல்தோல் மினுமினுத்துக் கறுத்தாலோ, கால் சில்லிட்டு வெளுத்தாலோ, முன்தொடை மரத்து முழங்கால் மடங்கினாலோ, இடுப்பு, முதுகு வலியோடு தலை சுற்றி வியர்த்தாலோ டாப்ளருக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் காக்கும் க்ளோபிடோக்ரல், ஆஸ்பிரின் மாத்திரைகளைப் பயத்தில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஒன்பது நாள் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால், கவட்டி வீக்கத்தைவிட அது பல மடங்கு மோசம்.

கேள்வி: டாப்ளர் அறிக்கையில் 'பை 2.8 × 1.9 செ.மீ., கழுத்து நீளம் 9 மி.மீ., அகலம் 2 மி.மீ., டு-அண்ட்-ஃப்ரோ ஓட்டம், பொதுத் தொடைத் தமனியிலிருந்து' என்று இருக்கிறது. இது பெரியதா, சிறியதா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: எல்லாரும் பையின் அளவைத்தான் முதலில் பார்ப்பார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது கழுத்தை. உங்களுடையது நீளமான, ஒல்லியான கழுத்து. பையை உறையவைக்கும் மருந்தை ஊசியால் போடுபவருக்கு (அந்த ஊசி பற்றிக் கீழே வருகிறது) இதைவிட நல்ல செய்தி இல்லை. மருந்து பைக்குள்ளேயே நிற்கும், தமனிக்குள் நழுவாது. ஒரு செ.மீ. பையாக இருந்தாலும் கழுத்து குட்டையாக, அகலமாக இருந்தால் எங்களுக்குத் தயக்கம் வரும்.

'டு-அண்ட்-ஃப்ரோ' என்பது கழுத்தில் ரத்தம் போய்ப் போய் வருவதைக் குறிக்கிறது. நோயை உறுதிசெய்யும் அடையாளம் அதுதான். வண்ணப் படத்தில் பைக்குள் பாதி சிவப்பும் பாதி நீலமுமாகச் சுழலும். வெறும் ரத்தக்கட்டு என்றால் உள்ளே வண்ணமே தெரியாது. அறிக்கையில் இன்னும் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்: பக்கத்துச் சிரையோடு இணைப்பு உண்டா இல்லையா. இருந்தால் அது தமனி-சிரை இணைப்பு. அப்போது ஊசி மருந்து சிரை வழியாக நுரையீரலுக்குப் போகலாம் என்பதால் திட்டமே மாறும். அந்த வரி இல்லையென்றால் ஸ்கேன் செய்தவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 1.4 செ.மீ. அளவில் சூடோ. "ஒன்றும் செய்ய வேண்டாம், ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இது அலட்சியம் இல்லையா? (வாசகி, சேலம்)

பதில்: இல்லை. 2 செ.மீ.க்குக் குறைவு, வலி இல்லை, பெருக்கவில்லை, வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடவில்லை என்றால் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாக உறைந்துவிடும். வாரம் ஒரு டாப்ளர் போதும். நாலு வாரமாகியும் திறந்தே இருந்தாலோ, இடையில் வளர்ந்தாலோ மூட வேண்டியதுதான். காத்திருக்கும் நாட்களில் கனமாக எதையும் தூக்கக் கூடாது, மலச்சிக்கல் வரவிடக் கூடாது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பதும் இதில் சேர்த்தி.

கேள்வி: ஸ்கேன் கருவியை வைத்தே நாற்பது நிமிடம் அமுக்கினார்கள். உயிர் போகிற வலி. கடைசியில் மூடவில்லை என்றார்கள். இது என்ன வைத்தியம்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதுவும் முறையான சிகிச்சைதான். 1991-இல் ஃபெல்மெத்தும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை. அதற்கு முன் சூடோ என்றாலே கத்திதான். டாப்ளர் கருவியால் கழுத்தின் மேலே குறிபார்த்து அமுக்கி, பைக்குள் ஓட்டத்தை நிறுத்தி, தமனியில் ஓட்டத்தை மட்டும் விட்டுவைக்க வேண்டும். பத்துப் பத்து நிமிடமாக அமுக்கி, விட்டுப் பார்த்து, மறுபடி அமுக்குவார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகும். அமுக்குகிறவருக்கும் கை மரத்துப்போகும்.

உறைவுத் தடுப்பு மருந்து சாப்பிடாதவர்களுக்குப் பெரும்பாலும் பலிக்கும். சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கைவிடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் எல்லாருமே ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் என்பதால், யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே இது குறைவாகப் பலிக்கிறது. பை 4 செ.மீ.க்கு மேல் போனாலும், நோயாளி பருமனாக இருந்தாலும் அப்படித்தான். எங்கள் கருத்து: ஊசி மருந்து கையில் இருக்கும் இடத்தில் நாற்பது நிமிடம் அமுக்கி வதைக்கத் தேவையில்லை.

கேள்வி: "ஒரு சொட்டு மருந்து போட்டால் மூடிவிடும்" என்றார் டாக்டர். எந்த மருந்து, எவ்வளவு, எப்படிப் போடுவார்கள்? உறைந்த ரத்தம் காலுக்குப் போய் அடைத்துவிடாதா? அப்பா க்ளோபிடோக்ரல் சாப்பிடுகிறார், அதோடு இது வேலை செய்யுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: மருந்தின் பெயர் த்ரோம்பின். நம் ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தை ஃபைப்ரின் நாராக மாற்றுவது இதுதான். அடிபட்டால் உடம்பு பல படிகளில் தயாரிக்கும் பொருளை நேராகக் கொண்டுபோய் பைக்குள் வைக்கிறோம். க்ளோபிடோக்ரல் தட்டணுக்களைத் தடுக்கிறது, வார்ஃபரின் த்ரோம்பின் உருவாவதற்கு முந்தைய படிகளைத் தடுக்கிறது. நாம் அந்தப் படிகளையெல்லாம் தாண்டிக் கடைசிப் படியில் நிற்பதால், மாத்திரையை நிறுத்தாமலே இது வேலை செய்யும். டாபிகேட்ரான் மட்டும் த்ரோம்பினையே நேராகப் பிடித்துவைக்கும் மருந்து. அப்பா அதைச் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரத்தக் குழாய் வீக்கத்துக்குள் தோல் வழியாக த்ரோம்பின் செலுத்தலாம் என்று கோப், ஸைட் என்ற இரு மருத்துவர்கள் 1986-இலேயே எழுதினார்கள். கவட்டி சூடோவுக்கு அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவது 1997, 98-க்குப் பிறகுதான் பரவியது. இன்று பல மையங்களில் முதல் சிகிச்சை இதுதான்.

செய்முறையைச் சொல்கிறோம். முதலில் பாதத் துடிப்பு இரண்டையும் பார்த்துக் குறித்துவைப்பார்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும். தோலைச் சுத்தம்செய்து, ஸ்கேன் கருவிக்குக் கிருமி நீக்கிய உறை போட்டு, தோலில் மட்டும் மரப்பு மருந்து. 21 அல்லது 22 கேஜ் ஊசி; ஆழம் அதிகமென்றால் முதுகுத்தண்டு மரப்புக்குப் பயன்படும் நீள ஊசி. மருந்து ஒரு மி.லி.க்கு 500 அல்லது 1000 யூனிட் செறிவில் கலக்கப்பட்டு, இன்சுலின் ஊசிபோல ஒல்லியான 1 மி.லி. சிரிஞ்சில் ஏற்றப்படும். பெரிய சிரிஞ்ச் ஆகாது, ஏனென்றால் இங்கே அளவே 0.1 மி.லி. கணக்கில்தான்.

ஊசி முனை பைக்குள், கழுத்திலிருந்து விலகியிருக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். கழுத்துக்கு நேராக ஒருபோதும் நோக்கக் கூடாது. முனை வெள்ளைப் புள்ளியாகத் திரையில் தெரியும் வரை மருந்தைத் தள்ளக் கூடாது. சந்தேகமிருந்தால் கொஞ்சம் உப்புநீர் விட்டுப் பார்க்கலாம். பைக்குள் குமிழ்கள் சுழல்வது தெரியும். த்ரோம்பின் இருக்கும் சிரிஞ்சால் ரத்தத்தை உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் தப்பு. உறிஞ்சிய ரத்தம் ஊசிக்குள்ளேயே உறைந்து அடைத்துவிடும்.

வண்ண டாப்ளரை ஓடவிட்டபடியே 0.1 மி.லி. மெல்ல. சில நொடிகளில் சிவப்பு-நீலச் சுழல் அணைந்து, கறுப்பாக இருந்த பை சாம்பல் நிறமாகும். அணையவில்லையென்றால் இன்னொரு 0.1. பெரும்பாலும் சில நூறு யூனிட்டிலேயே முடிந்துவிடும், 1000 யூனிட்டைத் தாண்டுவது அபூர்வம். பை இரண்டு மூன்று அறைகளாக இருந்தால், ஒன்று உறைந்தபின் மற்றதில் ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துத் தேவைப்பட்டால் அதற்கும் போட வேண்டும். சுழல் நின்றவுடன் கையையும் நிறுத்திவிட வேண்டும். 'எதற்கும் இன்னும் கொஞ்சம்' என்று தள்ளுவதுதான் மருந்து தமனிக்குள் வழிவதற்கு முக்கியக் காரணம்.

காலுக்குப் போய் அடைக்காதா என்ற கேள்வி நியாயமானது. அடைக்கலாம், ஆனால் நூற்றில் ஒருவர், மிஞ்சினால் இருவர். தமனியில் வேகமாக ஓடும் ரத்தம் துளி மருந்தை உடனே நீர்க்கச் செய்துவிடும். ரத்தத்தில் இருக்கும் ஆன்டித்ரோம்பினும் அதை முறித்துவிடும். அதையும் மீறி உறைவு நழுவினால் பாதம் வெளுத்துச் சில்லிடும், விரல் மரக்கும். அப்போது ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் விட்டு உறைவை எடுப்பார்கள். கழுத்து அகலமானவர்களுக்கு, எதிர்த் தொடை வழியாக ஒரு பலூனைக் கொண்டுவந்து கழுத்தின் வாயில் ஊதிப் பிடித்துக்கொண்டு ஊசி போடுவதும் உண்டு.

முடிந்தபின் சில மணி நேரம் கால் நீட்டிப் படுக்கை, மறுநாள் ஒரு டாப்ளர், ஒரு வாரத்தில் இன்னொன்று. நூற்றில் 95 பேருக்கு மேல் மூடிவிடும். சில பேருக்கு மறுநாள் ஸ்கேனில் சிறு ஓட்டம் தெரியலாம், இரண்டாவது ஊசியில் சரியாகும். இரண்டு ஊசிக்கும் மசியாத பை என்றால், தமனியில் இருப்பது ஓட்டையா, நீளக் கிழிசலா என்று நாங்கள் சந்தேகப்படத் தொடங்குவோம். கட்டி உடனே மறையாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். துடிப்பு நின்றுவிடும், உள்ளே உறைந்த ரத்தம் கரைய வாரங்கள் ஆகும். கட்டியைத் தடவிப் பார்த்து 'சரியாகவில்லை' என்று பயப்பட வேண்டாம்.

கேள்வி: அந்த மருந்து மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது என்கிறார்களே? (வாசகி, காரைக்குடி)

பதில்: மூன்று வகை உண்டு. மாட்டு ரத்தத்திலிருந்து எடுப்பது ஒன்று, மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்துக் கிருமி நீக்கியது ஒன்று, மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாரிப்பது ஒன்று. மாட்டு வகைக்கு ஒவ்வாமை வரலாம். அதைவிட முக்கியம், அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் நம் சொந்த ஐந்தாம் உறைவுக் காரணியையும் சேர்த்துத் தாக்கிக் கடும் ரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வகைக்குக் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை வைத்திருப்பது இதனால்தான். முன்பு இதய அறுவையிலோ வேறு அறுவையிலோ இந்த மருந்தைத் தடவியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

நம் ஊர் மருத்துவமனைகளில் ஃபைப்ரின் பசைப் பெட்டியில் வரும் மனித த்ரோம்பின் குப்பியை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவது உண்டு. வாங்கும் சீட்டில் எந்த வகை என்று இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். குப்பியோடு வரும் தாளில் 'ரத்தக் குழாய்க்குள் செலுத்தக் கூடாது' என்று இருப்பதைப் படித்துப் பதறி எழுதுகிறவர்கள் உண்டு. அந்த எச்சரிக்கை சரியானதே. ஓடும் ரத்தத்தில் போடக் கூடாது. தேங்கிச் சுழலும் பையில் போடுவது அச்சிட்ட அனுமதிக்கு வெளியே, நீண்ட அனுபவத்தின் பேரில் செய்யப்படுவது. அதனால்தான் தனியாக ஒப்புதல் படிவம் வாங்குகிறார்கள்.

கேள்வி: மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் இளம் மருத்துவர் நான். எந்த நோயாளியை ஊசிக்கு அனுப்பாமல் நேராகத் தியேட்டருக்கு எடுக்க வேண்டும்? அறுவையில் எங்கே தவறு நடக்கிறது?

பதில்: வெடித்துவிட்டது, ரத்த அழுத்தம் விழுகிறது, மணிக்கணக்கில் பெருக்கிறது, மேல்தோல் சாகிறது, சீழ் அல்லது காய்ச்சல், தொடை நரம்பு நசுங்கிக் கால் பலமிழப்பது, சிரை நசுங்கிக் கால் வீங்குவது, பாதத்துக்கு ரத்தம் குறைவது: இத்தனையும் கத்திக்கு உரியவை. தோல் சாகும் நிலையில் ஊசி போட்டு ஓட்டையை மூடினாலும், உள்ளே இருக்கும் அரைக் கிலோ உறைந்த ரத்தம் தோலை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். அதை வெளியே எடுக்காமல் தீராது.

தவறு பெரும்பாலும் கத்தி வைக்கும் முன்பே நடக்கிறது. ரத்தம் பொருத்திப் பார்த்து ஏற்பாடு செய்யாமல் எடுப்பது ஒன்று. தொடையை மட்டும் சுத்தம்செய்து துணி போர்த்துவது இன்னொன்று. தொப்புளுக்கு மேலிருந்து முழங்கால் வரை தயார்செய்யுங்கள். பை பெரிதாகித் தொடை மடிப்புக்கு மேலே ஏறியிருந்தால், கவட்டியைத் திறக்கும் முன் இடுப்புத் தசைநாருக்கு மேலே தனிக் கீறல் போட்டு, வயிற்றுறைக்கு வெளியே போய், வெளி இலியாக் தமனியை (தொடைத் தமனியின் மேல் தொடர்ச்சி) சுற்றி நாடா போட்டுவையுங்கள். அது இல்லாமல் நேராகப் பைக்குள் புகுந்தால், உறைவு வெளியே வந்த அடுத்த நொடி களம் முழுக்க ரத்தம். குருட்டாம்போக்கில் கிளாம்ப் போட்டுச் சிரையைக் கிழிப்பது அப்போதுதான் நடக்கும். எதிர்த் தொடை வழியாகப் பலூன் விட்டு மேல் ஓட்டத்தை நிறுத்த வசதி இருந்தால் அதுவும் நல்ல வழி.

பைக்குள் போனதும் ஓட்டையை விரலால் அடையுங்கள். ஒரு விரல் போதும், அமைதியாக நில்லுங்கள். மேலே பொதுத் தொடைத் தமனி, கீழே மேலோட்டத் தமனி, ஆழத் தொடைத் தமனி மூன்றையும் பிடித்தபின், ஹெப்பாரின் கொடுத்துக் கிளாம்ப் போடலாம். ஓட்டை சின்னது, விளிம்பு நன்றாக இருக்கிறது என்றால் விரலை மெல்ல நகர்த்தியபடியே தையல் போட்டு முடித்துவிடலாம். 5-0 அல்லது 6-0 பாலிப்ரோப்பிலீன் நூல். தையல் கோடு தமனிக்குக் குறுக்கே அமைய வேண்டும். நெடுக்கே அமைந்தால் குழாய் குறுகும். ஊசி தமனிச் சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்க வேண்டும். பையின் உள்சுவரைத் தமனி என்று நினைத்துத் தைத்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் துடிப்போடு நோயாளி வருவது அறிந்த கதை.

மூடும் முன் பின்சுவரைப் பாருங்கள். ஊசி தமனியை ஊடுருவி மறுபக்கம் வந்திருந்தால் இரண்டாவது ஓட்டை அங்கே காத்திருக்கும். விளிம்பு நைந்திருந்தால் இழுத்துத் தைக்காதீர்கள். நீளச் சிரைத் துண்டு ஒன்றை ஒட்டாக வைத்துத் தைக்கலாம். உறைந்த ரத்தத்தை எடுங்கள், ஆனால் சதையோடு ஒட்டிக்கிடக்கும் கடைசித் துணுக்குவரை சுரண்ட வேண்டாம்; சுரண்டினால் நிணக் குழாய்கள் அறுபட்டு ஒழுகும். ஒரு ட்ரெயின், அடுக்கடுக்காகத் தையல், பாதத் துடிப்பு பார்த்தபின் மேசையிலிருந்து இறக்குங்கள்.

கேள்வி: கவட்டியில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். தையல் வழியாகத் தெளிந்த தண்ணீர் கசிகிறது. முன்தொடை மரத்திருக்கிறது. (வாசகர், விருதுநகர்)

பதில்: தண்ணீர்போல, வைக்கோல் நிறத்தில் இருந்தால் நிணநீர். கவட்டியில் நிணக் குழாய்கள் வலைபோல ஓடுகின்றன, வெட்டும்போது சில அறுபடுவது சகஜம். கட்டு மாற்றி, காலை உயர்த்தி வைத்து, நடையைக் குறைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் நிற்கும். நாற்றம், மஞ்சள் சீழ், காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். ரத்தமாக வந்தால் அமுக்கிப் பிடித்தபடி போக வேண்டும். மரப்பு தோல் நரம்புக் கிளைகள் தொந்தரவு பட்டதால்; மாதக் கணக்கில் மெல்லக் குறையும், ஓரிடத்தில் நிரந்தரமாகவும் நிற்கலாம். முழங்காலை நீட்டவே முடியாத பலவீனம் என்றால் அது வேறு, காட்டுங்கள்.

காயத் தொல்லை இந்த அறுவையில் எவருக்கும் வரலாம். பருமன், சர்க்கரை, இதய நோய் மூன்றும் உள்ள உடம்பில், வியர்த்துக்கொண்டே இருக்கும் மடிப்பில் போடும் கீறல் அது. ஊசி போதுமான இடத்தில் நாங்கள் ஊசியை வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: இதயத்துக்கு வைப்பதுபோல இதற்கும் ஒரு ஸ்டென்ட் வைத்து ஓட்டையை மூடக் கூடாதா? (வாசகர், மதுரை)

பதில்: துணி போர்த்திய ஸ்டென்ட் இருக்கிறது. ஆனால் தொடை இடுக்கு தினமும் நூறு தடவை மடங்கும் மூட்டு. சம்மணம் போட்டு உட்காரும் நமக்கு இன்னும் அதிகம். ஸ்டென்ட் நசுங்கும், உடையும், அடைக்கும். ஆழத் தொடைத் தமனியின் வாயையும் அது மூடிவிடக்கூடும். அறுவையைத் தாங்கவே முடியாதவர்களுக்கு மட்டும். இடுப்பு எலும்பு முறிவுக்குத் திருகாணி போடும்போது ஆழத் தமனியின் கிளையில் ஓட்டை விழுந்து வரும் சூடோவுக்கு வேறு வழி உண்டு. குழாய் விட்டு அந்தக் கிளையை உலோகச் சுருளால் அடைத்துவிடலாம்.

கேள்வி: மகனுக்கு 24 வயது. போதை ஊசி பழக்கம். கையில் நரம்பு கிடைக்காமல் கவட்டியில் போட்டுக்கொண்டிருக்கிறான். இப்போது அங்கே சிவந்த கட்டி, காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் "சீழ்க்கட்டி, கீறிவிடலாம்" என்றார்களாம். (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: கீற விடாதீர்கள். டாப்ளர் பார்க்காமல் கவட்டிச் சீழ்க்கட்டியில் கத்தி வைக்கக் கூடாது. இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு ஒருபோதும் கூடாது. சீழ்ப்பிடித்த சூடோவும் சீழ்க்கட்டியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே உறைவு இருந்தால் துடிப்புகூடத் தெரியாது. கீறினால் சில நிமிடங்களில் உயிர் போகும்.

ரத்தநாள அறுவை வசதி உள்ள பெரிய அரசு மருத்துவமனைக்கு இன்றே கூட்டிப்போங்கள். இங்கே த்ரோம்பின் ஊசிக்கு இடமே இல்லை. கிருமியுள்ள பையை உறையவைத்தால் கிருமிக்குத்தான் வீடு. நைந்த தமனிப் பகுதியை வெட்டி எடுத்து, இரு முனையையும் கட்டிவிடுவார்கள். பக்கக் கிளைகள் வழியாகக் காலுக்கு ரத்தம் போதுமா என்று அங்கேயே பார்ப்பார்கள். போதாவிட்டால் கிருமியில்லாத வேறு பாதையில் மாற்றுக் குழாய் போடுவார்கள். செயற்கைக் குழாயை அந்த இடத்தில் வைக்கத் தயங்குவார்கள், அதுவும் சீழ்ப்பிடிக்கும் என்பதால். காலை இழக்கும் அபாயம் உண்டு, நாள் கடந்தால் கூடும். மகனிடம் கோபம் இருக்கலாம்; மருத்துவரிடம் ஊசிப் பழக்கத்தை மறைக்க வேண்டாம்.

கேள்வி: 11 வருடத்துக்கு முன் வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து தொடைக்குச் செயற்கைக் குழாய் வைத்தார்கள். இப்போது அந்தக் கவட்டியில் துடிக்கும் கட்டி. இதற்கும் அந்த ஊசிதானே? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. உங்களுடையது தையல் விட்டதால் வருவது. டாக்ரான் குழாயும் தமனியும் சேரும் இடத்தில் வருடங்கள் கழித்து, பெரும்பாலும் தமனிச் சுவர் நைந்து, பிரியும். உறையவைத்தாலும் பிளவு அப்படியேதான் இருக்கும். மருந்தும் அகல வாய் வழியாகக் காலுக்குப் போகும். சி.டி. ஆஞ்சியோ எடுத்து, கிருமி இல்லை என்று உறுதிசெய்து, நடுவில் புதுத் துண்டு வைத்துத் தைக்க வேண்டும். மறுபக்கக் கவட்டியையும் அதே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கேத் லேப் (ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் அறை) செவிலியர் நான். ஷீத் எடுத்தபின் எங்கே, எவ்வளவு நேரம் அமுக்குவது சரி? மணல் மூட்டை வைப்பது அவசியமா?

பதில்: சூடோ வருவதும் வராததும் பாதி உங்கள் கையில்தான் இருக்கிறது. மீதிப் பாதி ஊசி எங்கே குத்தப்பட்டது என்பதில். தொடை எலும்புத் தலையின் நடுவுக்கு நேராகக் குத்தினால், அமுக்கும்போது பின்னால் எலும்பு தாங்கும். கீழே மேலோட்டத் தமனியிலோ ஆழத் தமனியிலோ குத்தியிருந்தால் பின்னால் வெறும் சதை. எவ்வளவு அமுக்கினாலும் அமிழும். ரொம்ப மேலே குத்தினால் ரத்தம் வயிற்றுக்குப் பின்னால் போகும், வெளியே வீக்கமே தெரியாது. தோல் மடிப்பை நம்பிக் குத்துவதால் வரும் வினை இது. பருமனானவர்களுக்கு மடிப்பு தமனிப் பிரிவுக்குக் கீழேகூட இறங்கியிருக்கும். அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்துவது இதைத் தவிர்க்கும்.

ஹெப்பாரின் கொடுத்திருந்தால் ஏ.சி.டி. (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை) 180 நொடிக்குக் கீழே வந்தபின் ஷீத்தை எடுங்கள். ஊசி சாய்வாகப் போவதால் தமனி ஓட்டை தோல் ஓட்டைக்கு ஒன்றிரண்டு செ.மீ. மேலே இருக்கும். விரல்கள் அங்கே, துடிப்பின் மேல் இருக்க வேண்டும். தோல் ஓட்டையை அமுக்கினால் ரத்தம் வெளியே வராது, உள்ளே பை உருவாகிக்கொண்டிருக்கும். ஒரு பிரெஞ்சுக்கு மூன்று நிமிடம் என்பது நினைவில் வைக்க எளிய கணக்கு. ஆறு பிரெஞ்சுக்கு 18. இடையில் தூக்கித் தூக்கிப் பார்த்தால் கணக்கு முதலிலிருந்து. தடித்த பஞ்சு மூட்டையாக பிளாஸ்டர் ஒட்டினால் அதன் கீழே வீங்குவது தெரியாது; சின்னதாக, உள்ளே தெரியும்படி ஒட்டுங்கள். மணல் மூட்டை சிக்கல்களைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நோயாளி காலை அசைக்காமல் இருக்க நினைவூட்டும், முதுகு வலியைக் கூட்டும், அவ்வளவுதான்.

மணிக்கட்டு வழியாகச் செய்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும் என்று 2011-இல் வெளியான ரைவல் ஆய்வு காட்டியது. நம் ஊரிலும் மணிக்கட்டு வழி பரவிவிட்டது. ஆனால் பெரிய குழாய் தேவைப்படும் வால்வு வேலைகள், பெருந்தமனி வேலைகளுக்குக் கவட்டியை விட்டால் வழியில்லை.

கேள்வி: ஊசி போட்டு மூடிவிட்டார்கள். எப்போது பைக் ஓட்டலாம்? வீட்டில் இந்தியன் கழிப்பறைதான். அடுத்த ஆஞ்சியோவை அதே பக்கம் செய்யலாமா? (வாசகர், கடலூர்)

பதில்: மறுநாள் டாப்ளர் நன்றாக இருந்தால் வீட்டுக்குள் நடக்கலாம். குத்துக்கால் இட்டு உட்காருவது ஒரு வாரத்துக்கு வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கழிப்பறை நாற்காலி கடையில் கிடைக்கும், அதைக் கோப்பைக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள். இருமினாலும் தும்மினாலும் உள்ளங்கையால் கவட்டியை அமுக்கிக்கொள்ளுங்கள். ஒரு வார டாப்ளரும் நன்றாக இருந்தால் பைக் ஓட்டலாம். கிக்கரை உதைத்துக் கிளப்புவதை இன்னும் ஒரு வாரம் வேறு யாராவது செய்யட்டும். அடுத்த ஆஞ்சியோ முடிந்தவரை மணிக்கட்டில்; முடியாவிட்டால் மறு தொடையில். இரண்டும் முடியாத நிலையில், அதே பக்கம் அல்ட்ராசவுண்ட் பார்த்துப் பழைய ஓட்டையைத் தவிர்த்துக் குத்தலாம். எந்தத் தொடையில், எந்தத் தேதியில் சூடோ வந்தது, த்ரோம்பின் எந்த வகை, எத்தனை யூனிட் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, ஸ்டென்ட் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.